ஸ்டெல்லா போட்ட வாத்து இறகு

போன வாரம் என் மானம் கப்பலேறியது. ஆனாலும் பாருங்கள்... இவ்வளவு சந்தோஷமாக எந்த வாரமும் இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்ததில்லை!

பீன்யா தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கெமிக்கல் கம்பெனியில் ஒரு புதுச் சரக்கு. கடலில் கொட்டிய எண்ணெயைக் கரைக்கும் மருந்து. அதை விற்க நான் ஒரு டெமோ வைத்திருக்கிறேன். கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர், மேலே கறுப்பு எண்ணெய். மருந்தைத் தெளித்துக் கலக்கினால்... எண்ணெய்ப் படலம் மாயம்! பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். தட்டாமல் விடுவேனா?

ஒருவர் மட்டும் தட்டவே மாட்டார். எங்கள் லேப் கெமிஸ்ட் ஸ்டெல்லா. காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். ‘பறவைகள் உள்ள இடத்தில் தெளிக்காதீர்கள்’ என்று லேபிளில் ஒரு வரி போடச் சொல்லி, ஒரு மாதமாக முதலாளியிடம் மல்லுக்கு நின்றார்.

“தெளிக்காதேன்னு எழுதினா எவன் வாங்குவான்? இன்னொரு வாட்டி இந்தப் பேச்சை எடுத்தா, வேற வேலை பாத்துக்கோம்மா” என்றார் முதலாளி. நான்? முதலாளி பக்கம்தான். வேறெங்கே நிற்பேன்!

செவ்வாய்க்கிழமை ஒரு துறைமுக அதிகாரி வந்தார். டெமோ முடிந்தது. கைதட்டினார். அப்போது ஸ்டெல்லா உள்ளே வந்தார், ஒரு கவர் நிறைய வாத்து இறகுகளோடு.

“ஒரு நிமிஷம் சார்” என்று, ஓர் இறகைப் பக்கெட்டிலிருந்த நல்ல தண்ணீரில் போட்டார். மிதந்தது. எடுத்து உதறினார், தண்ணீர் உருண்டு ஓடிவிட்டது. அடுத்ததை என் தொட்டியில் போட்டார். ஈரத்துணி மாதிரி துவண்டு அமிழ்ந்தது.

“அய்யோ, சும்னே இரும்மா, பேசாதே!” என்று பல்லைக் கடித்தார் முதலாளி. நானும் என் பங்குக்கு, “அது பழைய இறகு சார்” என்று அவிழ்த்துவிட்டேன்.

“அப்போ நீங்களே ஒண்ணு எடுத்துப் போடுங்க சார்” என்று அதிகாரியிடம் கவரை நீட்டினார் ஸ்டெல்லா. அவர் போட்டார். அதுவும் அமிழ்ந்தது.

“எண்ணெயைக் கரைக்கிற மருந்து இறகையும் விடாது சார். இறகுக்குள்ள காத்து இருக்கிற வரைக்கும்தான் பறவை மிதக்கும், குளிர் தாங்கும். தண்ணி உள்ளே போச்சுன்னா விறைச்சே செத்துடும்.” வேலை போகும் என்று தெரிந்தேதான் பேசினார்.

அதிகாரி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க பக்கம் எண்ணெய் கொட்டினப்போ வேற கம்பெனி மருந்து அடிச்சோம். தண்ணி சுத்தமாயிடுச்சு. ஆனா கடற்காகமெல்லாம் கரையேறி நடுங்கிட்டு உக்காந்திருந்துச்சு. ஏன்னு இன்னிக்குத்தான் புரியுது.” பிறகு முதலாளியிடம் திரும்பினார். “இந்தம்மா சொல்ற வரி லேபிள்ல இருந்தா, ஆர்டர் உங்களுக்கு.”

முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அதைத்தானே சார் நானும் ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன்!”

அடேயப்பா! இந்த முறை நான்தான் கைதட்டினேன் — ஸ்டெல்லாவுக்கு. சரக்கின் நல்லதை மட்டுமே காட்டி விற்றுப் பழகியவன் நான். கெட்டதையும் காட்டியவர் அல்லவா ஆர்டரைப் பிடித்தார்! வெட்கமாகத்தான் இருந்தது. பெருமை அதைவிட அதிகமாக இருந்தது.

மறுநாள், லேபிள் அச்சுக்குப் போகும் முன் முதலாளியே ஸ்டெல்லாவின் மேசைக்கு வந்தார். “அந்த வரியை எந்த சைஸ்ல போடலாம்மா?”

“படிக்கிற சைஸ்ல போடுங்க சார்.”