அப்பா தொட்டுப் பார்த்த சுவர்

எங்கள் அன்பு அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு ஆகிறது. கீழ்க்கட்டளையில் பிறந்து, சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, தாம்பரத்தில் குழாய் வேலை கற்று மேஸ்திரியானவர். கோபம் வந்தால் குழாயைத் திட்டுவார். ஆளைத் திட்ட மாட்டார்.

அறுபதுகளில் எங்கள் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். மருந்து அறை தரைக்குக் கீழே. அதன் கான்கிரீட் சுவர் வழியாக வரும் குழாய்களை அப்பாதான் பொருத்தினார். குழாயைச் சுற்றியிருந்த இடைவெளியை உள்பக்கம் மட்டும் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார். முதல் மழையிலேயே தண்ணீர் கசிந்து மருந்துப் பெட்டிகள் நனைந்தன. கொத்தனார் மேல் பழி போட்டிருக்கலாம். அப்பா நேராகப் பெரிய டாக்டரிடம் போனார்.

"தப்பு என்னுதுதான் சார். தண்ணி வெளியேருந்து தள்ளுது, நான் உள்ள அடைச்சிட்டேன்."

"சரி பண்ணுங்க. மறுபடியும் நனைஞ்சா வேற மேஸ்திரிதான்" என்றார் டாக்டர்.

அப்பா வெளிப்புறம் மண்ணைத் தோண்டி, குழாயைச் சுற்றித் தார் தோய்த்த சணலைத் திணித்து, அதன்மேல் ஈயத்தை அடித்து இறுக்கினார். அப்புறம் மழைக்காகக் காத்திருந்தார்.

அந்த மழை என் நிச்சயதார்த்தத்தன்று வந்தது. போதகர் வந்துவிட்டார், அப்பாவைக் காணோம். எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். "மாமாவை நான் கூட்டிட்டு வரேன்" என்று சைக்கிளை எடுத்த மாப்பிள்ளையையும் காணோம். பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. சுவரைவிட நான் மட்டமா என்று அம்மாவிடம் பொருமினேன்.

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் தொப்பலாக வந்தார்கள். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் தார். "ஒவ்வொரு குழாயையும் சுத்தித் தொட்டுப் பார்த்தோம், ஒரு சொட்டு இல்லீங்க" என்று போதகரிடம் சொன்னார். போதகர் கேட்டது அதுவல்ல. நான் அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

அப்பாவுக்காக ஜெபித்த சபையாருக்கும், தோள் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. அதே ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. "கீழ காஞ்சிருக்கா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மருந்து அறைச் சாவியைக் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் அந்த அக்கா கொடுத்தார். இறங்கிப் போய் எல்லாக் குழாய்களையும் சுற்றித் தொட்டுவிட்டு வந்தேன்.

"காஞ்சிருக்குப்பா."

என் விரல்களைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். முகம் தெளிந்தது. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அப்ப கிளம்பலாம் மாப்ள. வூட்ல பொண்ணு காத்துகினு இருக்கும்."