ட்ரெய்லரில் மட்டும் பெய்த மழை

என் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறது. பசை போய்ப் பல நாளாயிற்று. இப்போது செலோடேப்தான் அதைத் தாங்குகிறது. நீல மையில், 'மழை இன்னும் வரல. பார்க்கவும்' என்று எழுதியிருக்கும். எங்கள் தி. நகர் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். நான் விளக்கம் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அதை எழுதியவர் அக்கா. திருவான்மியூர் பஸ் டெர்மினஸுக்குப் பக்கத்தில் நான் முதன்முதலில் வேலை பார்த்த வீடியோ கேம் கம்பெனியில் அவர் டெஸ்டர். நாங்கள் செய்ததை விளையாடிப் பார்த்து, எங்கே உதைக்கிறது என்று எழுதிப் போடுவது அவர் வேலை. சரிசெய்துவிட்டு அந்தக் குறையை நாங்கள் மூடுவோம். சரியாகவில்லை என்றால் அவர் மறுபடி திறப்பார். மொத்த ஆபீஸும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. ஆற்றோரத்தில் இருந்த வீடு வெள்ளத்தில் போன பிறகு ஊருக்கு வெளியே குடியேற்றப்பட்ட குடும்பம். இரண்டு பஸ் மாறி வந்து, எங்களுக்கெல்லாம் முன்னால் சீட்டில் உட்கார்ந்திருப்பார். கான்ட்ராக்ட் வேலை, வருடா வருடம் புதுப்பித்தால்தான் உண்டு.

நாங்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டு மயிலாப்பூர் மாதிரி ஓர் ஊரில் நடப்பது. காணாமல்போன தம்பியைத் தேடி ஒரு பெண் கையில் குடையோடு வீதி வீதியாக அலைவாள். ட்ரெய்லருக்காக அந்த ஊரில் நான் மழை பெய்ய வைத்தேன். மூன்று வாரம் ராப்பகலாக உட்கார்ந்தேன். மாட வீதியில் தண்ணீர் ஓடும், குளத்தின் படிகள் ஒவ்வொன்றாக முழுகும், பூக்காரியின் தார்ப்பாய் படபடக்கும். ஆனால் அந்த மழை கேமராவுக்கு முன்னால் மட்டும்தான். கொஞ்சம் இடது பக்கம் திரும்பினால் சுள்ளென்று வெயில் அடிக்கும். ஊர் முழுக்கப் பெய்ய வைக்க மெஷினுக்கும் தெம்பில்லை, எங்களுக்கும் நேரமில்லை. ட்ரெய்லர் வெளியானது நல்ல கத்திரி வெயிலில். ஜனங்கள் சொக்கிப்போனார்கள். டீக்கடையில் இரண்டு காலேஜ் பையன்கள், "மச்சி, அந்த மழையப் பாத்தியா?" என்று பேசிக்கொண்டதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா மறுநாளே எழுதிப் போட்டார்: 'ட்ரெய்லரில் மழை உண்டு. விளையாட்டில் இல்லை.' மேனேஜர் மூடச் சொன்னார். 'இது பிழை அல்ல' என்று எழுதி நான் மூடினேன். அடுத்த நாள் காலை அது திறந்திருந்தது. மூடினேன். மறுபடி திறந்திருந்தது. கடைசியில் அவரே என் சீட்டுக்கு வந்துவிட்டார்.

"இன்னாமா, எல்லாத் தெருவும் நடந்து பாத்துட்டேன், ஒரு சொட்டு கூட இல்ல. அந்தப் பொண்ணு கையில கொடை மட்டும் கீது."

"அது சும்மா விளம்பரத்துக்குக்கா."

"மழையில வூட்ட வுட்டவ நானு. உன் மழையப் பாத்து எனக்கே நனையணும்னு இருந்துச்சு. ஆசை காட்டினா குடுக்கணும். இல்லாட்டி, இல்லன்னு வாயத் தொறந்து சொல்லணும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். ட்ரெய்லருக்குக் கீழே, விளையாட்டில் மழை இல்லை என்று ஒரே ஒரு வரி. மேனேஜர் சிரித்துவிட்டுப் போனார். வெளியீட்டு நாள்வரை அக்கா பதினான்கு முறை திறந்தார். பதினான்கு முறையும் மூடியது நான்.

ரிலீஸுக்கு முன்னால் கிளப்பிவிடும் எதிர்பார்ப்புக்கு எந்த விளையாட்டுதான் ஈடு கொடுக்கிறது என்று எங்கள் தொழிலில் பெருமூச்சு விடுவார்கள். ஆடுகிறவர்களுக்குப் பேராசையாம்! கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரய்யா ஆசையை மூட்டியது? அவர்களாகவா மழையைக் கனவு கண்டார்கள்? சத்தியமாகச் சொல்கிறேன், அது நல்ல விளையாட்டு. அந்தப் பெண் தம்பியைக் கண்டுபிடிக்கும் இடத்தில் நானே அழுதிருக்கிறேன். ஆனால் வாங்கினவர்கள் குடையும் கையுமாக வானத்தைப் பார்த்தே களைத்துப்போனார்கள். காறித் துப்பாத குறையாக எழுதினார்கள். எழுதட்டும், அதில் என்ன தப்பு?

அந்த வாரம் எல்லோரையும் மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, "டெஸ்டிங்ல கோட்டை விட்டுட்டாங்க" என்றார் மேனேஜர். அக்கா தன் குறைப்பட்டியலைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். திறந்த தேதி, மூடிய தேதி, மூடியவர் பெயர். வரிக்கு வரி என் பெயர். மூடச் சொன்னது இவர்தான் என்று நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். வாயே திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. கிளம்பும்போது என் சீட்டுக்கு வந்து, திட்டாமல், இந்த மஞ்சள் சீட்டை ஒட்டிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நான் இத்தனை வருடம் இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

இப்போது நான் வேறு கம்பெனியில் டீம் லீட். எங்கள் புது ட்ரெய்லரில் தேர்த் திருவிழா வருகிறது. கண்ணுக்கெட்டிய வரை கூட்டம். விளையாட்டில் தேரைச் சுற்றி இருப்பது இருபது பேர். 'கூட்டம் இல்லை' என்று நானே குறை எழுதினேன். மேலே இருப்பவர் மூடினார். திறந்தேன், மூடினார். திங்கட்கிழமை தன்னை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். எதற்கென்று எனக்குத் தெரியும். வேலை போனால் போகட்டும். நேற்று அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் இப்போது வேறொரு இடத்தில், இன்னும் டெஸ்டர்தான். எல்லாம் கேட்டுவிட்டு, "இப்பதான் வாய் தொறந்துச்சா ஒனக்கு?" என்று சிரித்தார்.

நேற்று மறுபடி திறந்துவைத்த குறை, இன்று காலை வந்து பார்த்தால் மூடியிருந்தது. கூடவே, வார்த்தை மாறாமல், அன்றைக்கு நான் எழுதிய அதே பதில்: 'இது பிழை அல்ல.' மஞ்சள் சீட்டின் ஓரம் எழும்பியிருந்தது. அதை அழுத்தி ஒட்டினேன். பிழைதான் என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டுத் திறந்துவிட்டேன்.