கடைசி டிராக்கில் மூன்று விசில்

நேற்று என் மகள் ஒரு சூப்பர்ஹீரோ படம் பார்த்துவிட்டு வந்தாள். மியூசிக் எப்படி என்று கேட்டேன்.

"லவுடா இருந்துச்சுப்பா."

அவ்வளவுதான் விமர்சனம்!

இதே மாதிரி ஒரு மியூசிக்குக்கு நான் நாலு பக்கம் எழுதி மாட்டிக்கொண்ட கதையை அவளிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

மெட்ராஸ், சென்னை ஆன சமயம். டிகிரி முடித்துவிட்டு மயிலாப்பூர் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் (நான்காவது வேளையும் உண்டு). தேனாம்பேட்டையில் ஒரு வாரப் பத்திரிகைக்கு இசை விமர்சனம் எழுத ஆள் தேடினார்கள். எனக்கு வேறு எந்த வேலையிலும் ஆசை இல்லை. அது ஒன்றுதான் வேண்டும்.

ஆசிரியர் ஒரு மேடம். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் ஆளைப் பார்ப்பார். பாட்டைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், பாட்டே இல்லாத ஒன்றைப் பற்றி எழுதுங்கள் என்று ஓர் ஆங்கிலப் படத்தின் பெயரைச் சொன்னார். கேப் கட்டிக்கொண்டு பறக்கிற ஹீரோ, முழு ஆர்கெஸ்ட்ரா. நிறையும் வேண்டும், குறையும் வேண்டும். கேசட்டை நானே தேடிக்கொள்ள வேண்டும், அதுவும் பரீட்சையில் சேர்த்தி.

தி.நகரில் இரண்டு கடைகளில் கையை விரித்தார்கள்.

கடைசியில் லஸ் பக்கம் ஒரு சந்தில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த பாயிடம் போனேன். கீழே கடை, மேலே வீடு. அந்தப் படத்தின் சிடி அவரிடம் இருந்தது, யாரோ அடையாறு கஸ்டமர் கொடுத்து வைத்தது. தொண்ணூறு நிமிட கேசட்டை நீட்டி, அந்தக் காலத்தில் எல்லோரும் சொல்லும் வாக்கியத்தை நானும் சொன்னேன்.

"கடைசில காலியா விட்டுறாதீங்க பாய்."

"பாட்டு எதுனா போட்டு ரொப்பவா?"

"பாட்டு வேணாம் பாய். பாட்டு இல்லாத மியூசிக்தான் வேணும்."

தலையை ஆட்டினார்.

இரண்டு நாள் அதையே கேட்டேன் (அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்). ஹீரோ கிளம்பும்போது டிரம்பெட்டும் ஹாரனும் ஒன்றாக எழும்புகிற இடம் பிரமாதம், உட்கார்ந்து கேட்க முடியாது. ஆனால் அவன் பறந்தாலும் அதே டியூன், அடித்தாலும் அதே டியூன், அழுதாலும் அதே டியூன். வில்லனுக்கென்று சொந்தமாக ஒரு டியூன்கூடக் கிடையாது. பாவம், அவன் வந்தால் வெறும் டமாரம்தான். இதையெல்லாம் மூன்று பக்கம் எழுதினேன்.

நாலாவது பக்கம் முழுக்கக் கடைசி டிராக்குக்கு. எல்லாச் சத்தமும் ஓய்ந்த பிறகு, ஒரே ஒரு வயலின். கேட்டு அழுதேன். ஊரையே காப்பாற்றியவனுக்கு வீட்டில் பேச ஆளில்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? தொலைவில் மூன்று முறை எழும் அந்த நீராவிக் கூவல், அவனை மறுபடியும் அழைக்கும் நகரத்தின் அபாயச் சங்கு. இப்படியெல்லாம் எழுதினேன்.

திங்கட்கிழமை மேடம் படித்தார். மூன்று பக்கம் வரை தலையசைத்துக்கொண்டே வந்தார். நாலாவதில் நின்றுவிட்டார். டிராயரைத் திறந்து ஒரிஜினல் கேசட்டை எடுத்துப் பார்த்தார். அப்படி ஒரு டிராக்கே அதில் இல்லை.

என் கேசட்டை வாங்கி ஆபீஸ் டூ-இன்-ஒன்னில் போட்டார். வயலின் ஆரம்பித்தது. முதல் விசில் வந்ததும் டைப்பிஸ்ட் அம்மா திரும்பிப் பார்த்தார். இரண்டு. மூன்று. டேப் முடிந்தது.

மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உங்க வீட்டுல சாதத்துக்கு எத்தனை விசில்?"

"மூணு மேடம்."

சொல்லும்போதே புரிந்துவிட்டது. மொத்த ஆபீஸும் சிரித்தது. வேலை போச்சு என்று பேப்பரை எடுக்கக் கையை நீட்டினேன். மேடம் தரவில்லை. டேப்பை ரீவைண்ட் செய்து, இன்னொரு முறை முழுக்கக் கேட்டார்.

"குறையெல்லாம் சரியா பிடிச்சிருக்கீங்க. நிறைதான் வேற வீட்டுல இருக்கு. யார் வாசிச்சதுன்னு கேட்டுட்டு வாங்க. நாலாவது பக்கத்தை அவர் பேரோட போடலாம். அடுத்த வாரத்துலேர்ந்து நீங்கதான் எழுதறீங்க."

பஸ் பிடித்து லஸ்ஸுக்கு ஓடினேன். யார் வாசித்தது என்று கேட்டதும் பாய் என்னைப் பார்க்காமல் பஞ்சை எடுத்து டேப் ஹெட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நீதான பாட்டு வேணாம்ன. பாட்டு இல்லாதது எங்கிட்ட வேற இன்னா கீது? மிஷின் சரியா கீதான்னு பாக்க, மத்தியானம் மேல உக்காந்து நான் வாசிச்சது." பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "டேப்பு கடைசி வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் தம்பி" என்றார்.

நாலாவது பக்கத்தைப் படித்துக் காட்டினேன். நின்றபடியே கேட்டார். கண் கலங்கிவிட்டது. அபாயச் சங்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாடிப்படியைப் பார்த்து, உன் குக்கரைப் பற்றிப் பத்திரிகையில் வரப்போகிறது, மூன்று விசிலையும் எழுதியிருக்கிறார்கள் என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

மேலேயிருந்து பதில் வந்தது.

"பருப்புக்கு நான் நாலு விசில் வெப்பேனே?"

"நாலாவதுக்குள்ள டேப்பு முடிஞ்சிபோச்சு" என்றார் பாய்.

என் முதல் கட்டுரையிலேயே ஒரு தகவல் பிழை.

சரி, உங்கள் வீட்டில் பருப்புக்கு எத்தனை விசில்?