இருக்கன்குடிக்குப் போன சேவல்

எங்கள் ஊர் நூலகத்தின் அலமாரிக் கண்ணாடிகள் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. லோடு ஏற்றிய லாரி போனால் விடாமல் கிடுகிடுக்கும். காட்டுக்குள் ஏதாவதொரு கம்பெனியில் புது ரக வெடியைக் கொளுத்திப் பார்த்தால் ஒரே ஒரு தரம் சிலிர்த்துவிட்டு அடங்கும். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில், மழை பொய்த்த கரிசல் காட்டுக்கு நடுவே பட்டாசுத் தொழிற்சாலைகள் வந்த பிறகு பிறந்த பிள்ளைகள் நாங்கள். தொழிற்சாலையை 'வெடி ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். அநேகமாக எல்லாருடைய அம்மாவும் காலையில் வேன் ஏறி ஏதாவதொரு வெடி ஆபீஸுக்குப் போகிறவர்கள் என்பதால், எந்த அதிர்வு எதனால் வந்தது என்று எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த நூலகத்தில்தான் சனிக்கிழமை மத்தியானம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வழக்கம் ஆரம்பமானது. சொன்னவர் நூலகர் தனலட்சுமி. நாங்கள் 'டீச்சர்' என்போம். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த குடும்பத்துப் பெண். இரண்டு பஸ் மாறி வருவார். அவர் கைப்பையைத் திறந்தால் முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தும்மல் வரும். ஆரம்பத்தில் தலை குனிந்து புத்தகத்தைப் பார்த்தே வாசிப்பார். நாங்கள் நெளிவோம், கிள்ளிக்கொள்வோம், தண்ணீர் குடிக்கப் போவோம். என் பக்கத்தில் உட்காரும் பேச்சிதான் ஒருநாள் எழுந்து, "டீச்சர், பாத்துச் சொல்லாதீக. எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க," என்றாள். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வெகுநேரம் யோசித்து, "ஒரு ஊர்ல ஒரு சேவல் இருந்துச்சு," என்று தொடங்கினார்.

இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது. கருப்பாயி என்ற சிடுசிடுத்த பெண் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே கோயிலுக்குப் போகிறாள். போகிற ஊரிலெல்லாம் சேவல் ஒரு சாக்குச் சொல்லி அவளை நிறுத்துகிறது. சாத்தூர் வந்தால் வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தரச் சொல்கிறது. ரயில்வே கேட்டில் ரயிலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்கிறது. வைப்பாற்று மணலில் இறங்கியதும் வெயில் தாழட்டும், உனக்குக் கால் பொசுங்கிவிடும் என்று கருப்பாயிக்காகவே உருகுவதுபோல் நடிக்கிறது. கோயில் கோபுரம் தெரியப் போகிற நேரத்தில் மணி பார்த்து, "மிச்சம் அடுத்த வாரம்," என்று டீச்சர் எழுந்துவிடுவார். நாங்கள் 'சேவலை அறுத்துராதீக டீச்சர்' என்று வாசல் வரை கெஞ்சிக்கொண்டே போவோம்.

வீட்டில் இதற்கு வரவேற்பில்லை. "அங்கன போயி வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்க நேரத்துக்கு இங்கன அம்புட்டு குழாயும் சுருட்டிப் போட்றலாம்லடி," என்பார் அம்மா. வெடிக்கான காகிதக் குழாய்களை வீட்டில் வைத்துச் சுருட்டிக் கொடுப்பது அப்போது எல்லா வீட்டிலும் நடந்த வேலை. நான் காதில் வாங்காதவளாக ஓடிவிடுவேன். ஆனால் ஓடிவந்து உட்கார்ந்த பிறகும் எங்களில் யாரும் முழுசாக உட்கார்ந்ததில்லை. ஒரு காது சேவலிடம் இருக்கும், இன்னொரு காது காட்டுப் பக்கம் இருக்கும்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை, சேவல் வைப்பாற்றங்கரையில் படுத்துக்கொண்டு வயிற்றுவலி என்று புரண்டுகொண்டிருந்தபோது அலமாரிக் கண்ணாடி ஒன்று உடைந்து தரையில் விழுந்தது. அதன் பிறகுதான் சத்தம் கேட்டது. யாரும் எதுவும் சொல்லாமல் எழுந்து வெளியே ஓடினோம். வடக்கே வெள்ளைப் புகை தடித்து எழுந்தது. எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை. ஊரில் இருந்த ஆண்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் புகையை நோக்கிப் பறந்தார்கள். பெரிய பிள்ளைகளும் பின்னால் ஓடப் பார்க்க, டீச்சர் செருப்பில்லாமல் ரோட்டுக்கு வந்து இரண்டு கைகளையும் விரித்து மறித்தார்.

"ஏலே, ஒருத்தரும் போகக் கூடாது. இங்கனயே நில்லுங்க. வேன் இந்த வழியாத்தான வரும்?"

சின்னப் பிள்ளைகள் அழுதார்கள். பேச்சி அழவில்லை, வேப்பமரத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். டீச்சர் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, அழுகிற ஒரு பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சேவலுக்கு வயித்துவலின்னு சொன்னேன்ல," என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். யார் கேட்டார்கள் என்று தெரியாது. ஆனாலும் நிறுத்தவில்லை. வேன் வருவது தெரிந்தால் கதை நிற்கும். எல்லாரும் எழுந்து நிற்போம். உடம்பெல்லாம் அலுமினியப் பொடி வெள்ளியாய் மினுங்க அம்மாக்கள் இறங்குவார்கள். யாராவது இரண்டு பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார்கள். வேன் போனதும் சேவல் மறுபடி புறப்படும். சேவல் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது என்பதால், டீச்சர் அதை ஆற்றைத் தாண்டவிடாமல் வைத்திருந்தார். என் அம்மா இறங்கியபோது கன்னத்து வெள்ளியில் கண்ணீர் இரண்டு கோடு போட்டிருந்தது. என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, முதுகில் ஓங்கி ஓர் அறை அறைந்து, "வீட்ல இருக்காம ரோட்ல என்னடி?" என்றுவிட்டு, பிறகுதான் விம்மினார்.

கடைசி வேனிலும் பேச்சியின் அம்மா வரவில்லை.

அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பேச்சியின் ஐயா கூடவே போய்விட்டதால் அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுவாள், படுத்தால் புரளுவாள், பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போவாள். அவள் ஐயா ஒருநாள் துணிமணி எடுக்க வந்தபோது, "இருக்கன்குடி ஆத்தாளுக்கு ஒரு சேவல் நேந்திருக்கேன். எம் பொண்டாட்டிய நடமாட விட்டாப் போதும்," என்று என் அம்மாவிடம் சொன்னார். பேச்சி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் நூலகத்துக்கு வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் எனக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் வேறு கதை எடுக்கப் பார்த்தார்.

"சேவல் கதையச் சொல்லுங்க டீச்சர்," என்றாள் பேச்சி. "சொல்லி முடிச்சிருங்க."

"எப்படி முடிக்கட்டும்? கருப்பாயி மனசு மாறி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லவா?"

"வேண்டாம். அறுத்துருங்க."

பிள்ளைகள் 'ஐயோ' என்றார்கள். பேச்சி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எங்கய்யா சேவல் நேந்திருக்காக டீச்சர். உங்க சேவலே போய்ச் சேராம ஏமாத்திட்டுத் திரிஞ்சா ஆத்தா எங்களையும் அப்படித்தான நினைப்பா?"

டீச்சர் சொன்னார். சேவல் ஆற்றைத் தாண்டியது. இந்தத் தரம் சாக்குச் சொல்லவில்லை. கோபுரம் தெரிந்ததும் கருப்பாயிதான் நின்றுவிட்டாள், சேவல்தான் 'நட' என்றது. சந்நிதிக்கு முன்னால் ஒரு தரம் உரக்கக் கூவியது. அதற்குப் பிறகு நடந்ததையும் டீச்சர் மறைக்காமல் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையும் அழுதது. பேச்சி மட்டும் அன்றைக்குத்தான் சம்மணம் போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அம்மா பிழைத்து வந்தார். விரல்கள் ஒட்டிப்போய் ஒரு சொம்பைக்கூடப் பிடிக்க முடியாத கைகளோடு வந்தார். பேச்சி சமைக்கவும் தண்ணீர் எடுக்கவும் பழகினாள்; பள்ளிக்கூடம் அவளுக்கு எட்டாம் வகுப்போடு முடிந்தது. இப்போது சாத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். அம்மா அவளோடுதான் இருக்கிறார். தனலட்சுமி டீச்சர் மாற்றலாகிப் போனபின் வந்தவர்கள் கதை சொல்லவில்லை. நூலகம் இருக்கிறது, சனிக்கிழமை மத்தியானம் பேப்பர் படிக்க ஒன்றிரண்டு பெரியவர்கள் வருகிறார்கள்.

போன சீசனில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. என் மதினி வெடி ஆபீஸில் வேலை பார்க்கிறார். நான் வாசலுக்குப் பாய்வதற்குள் அண்ணன் மகள் செல்போனில் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, "அவுக கம்பெனி இல்லையாம் அத்தை," என்று சொல்லிக்கொண்டே படம் பார்க்கப் போய்விட்டாள். தெருவை எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். பதில் வந்தவர்கள் உள்ளே போனார்கள். ரோட்டில் கூட்டமாகப் பிள்ளைகள் யாரும் இல்லை. "வாடி, வேன் வர்ற வரைக்கும் ரோட்ல நிப்போம்," என்று அவளைக் கூப்பிட்டேன்.

"அம்மாதான் பேசிட்டாகல்ல, இன்னும் எதுக்கு அத்தை?"

அவள் கேட்டது சரிதான். நான் மட்டும் போய் வேன் வரும் வரைக்கும் ரோட்டோரத்தில் நடந்துகொண்டிருந்தேன்.