தேராவில் விற்ற எடின்பரோ டிக்கெட்டுகள்

டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போடுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: ஊருக்குப் போகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே நம் லீவு கழிந்துவிடும். எண்பதுகளில் துபாய் தேராவில் அந்த நாற்காலியில் நான் இருந்தேன். லண்டன் விமானத்தோடு, அங்கிருந்து எடின்பரோ போகும் 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' எக்ஸ்பிரஸுக்கும் டெலெக்ஸ் அடித்து இடம் பிடித்துக் கொடுப்போம்.

கரி அள்ளியவர் மகன்

ஜெபல் அலி துறைமுகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆங்கிலேய இன்ஜினியர் ஒருவர் அந்த வண்டியில்தான் ஊர் திரும்புவேன் என்றார். அவருடைய அப்பா அதில் கரி அள்ளிப் போட்டவர். முன்பு கோடையில் வண்டி வழியில் எங்கும் நிற்காதாம். பாதி தூரத்தில் இன்ஜின் ஆட்கள் மாற, பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகக் கரித்தொட்டிக்குள்ளேயே ஒடுக்கமான நடைபாதை வைத்திருந்தார்களாம். அதில் குனிந்து நடந்தே அப்பாவுக்கு முதுகு போயிற்று என்றார்.

இப்போது டீசல், வழியிலும் நிற்கும் என்றேன். டிக்கெட்டில் இருந்த வண்டியின் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார்.

"பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்."

ஜன்னல் பக்கம்

இலங்கை ஹட்டன் தேயிலைத் தோட்டத்து மேரி, துபாயில் ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் பிள்ளை பார்த்தாள். கோடை விடுமுறைக்கு அவளையும் கூட்டிப்போனார்கள். அவர்களுக்கு முதல் வகுப்பு, அவளுக்கு இரண்டாம் வகுப்பு. திரும்பி வந்தவளிடம், வண்டி கடலோரமாகப் போகுமே, பார்த்தாயா என்று கேட்டேன்.

"புள்ள அழுவுதுன்னு எங்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாங்க. மடியிலயே தூங்கிருச்சி, நான் அசையலிங்க. கடல் அந்தப் பக்கம் இருந்திச்சாம்."

சிவநேசனின் சீட்

சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். அல் கூஸ் கிடங்கு ஒன்றில் கிளார்க். எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த தம்பி விபத்தில் இறந்துபோனான். அடக்கத்துக்குப் போக விமானம், ரயில் இரண்டிலும் இடம் பிடித்துவிட்டேன். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அது கஃபீலான கிடங்கு முதலாளியிடம், அவரோ வெளிநாட்டில். அலுவலகத்துக்கு எத்தனை தடவை போன் செய்தாலும் 'மாஃபி', இல்லை, என்றே பதில்.

விமானம் போய்விட்டது. ரயில் புறப்பட வேண்டிய அன்று, மத்தியானம் கடை அடைக்கும் முன் வந்து என் எதிரே உட்கார்ந்தார். சாப்பிட்டிருக்கவில்லை. லண்டனில் இப்போது காலைதான், இன்னும் வண்டி எடுத்திருக்காது, ரயில் சீட்டையாவது ரத்து செய்துவிடட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார்.

"வேண்டாம் அண்ணை. தம்பியிட்டை அந்த வெறும் சீட்டாவது போய்ச் சேரட்டும்."

இத்தனை பேருக்கு அந்த வண்டியில் இடம் பிடித்துக் கொடுத்த எனக்கு, அது என்ன நிறம் என்பதுகூட இன்றுவரை தெரியாது.