எலிக்குப் பொரி வைத்த தங்கப்பொண்ணு

எங்கள் ஆய்வுக்கூடத்து எலிகளுக்குப் பதினோரு வருடமாகத் தீனி போடுகிறவள் தங்கப்பொண்ணு. கோச்சடைக்காரி. புருசன் போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளை இந்தச் சம்பளத்தில்தான் படிக்க வைக்கிறாள். வேலை தற்காலிகம், வாய் மட்டும் நிரந்தரம்.

நான் ஐரின், அங்கே எலி மூளையை ஆராய்கிறவள். தெரியாத ருசி நாக்கில் பட்டால் எலி ஒரு நக்கு நக்கிவிட்டுப் பின்வாங்கும். அந்தச் சந்தேகத்தைக் கிளப்புவதில் அமிக்டலா என்கிற மூளைப்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அது பழுதானால் எலி புது ருசியையும் மடக்மடக்கென்று குடிக்கும். இதைக் காட்டத்தான் என் மூன்று வருடப் பாடு.

அன்றைக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் வைத்தேன். அறுவை செய்து அமிக்டலாவைப் பழுதாக்கிய எலிகள் குடித்தன. பாழாய்ப்போன மற்ற எலிகளும் குடித்தன!

"எந்த எலிக்கு அறுவை செஞ்சோம்னுகூடத் தெரியாம கலந்து வச்சிருக்க. உன் ஆராய்ச்சியத் தூக்கிக் குப்பையில போடு" என்று பேராசிரியர் கத்தினார்.

கூண்டு கழுவிக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு நிமிர்ந்தாள். பேசாமல் இருந்திருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

"அந்தப் புள்ளைய ஏன் சார் வையுறீங்க? ஆயுத பூஜைக்கு நாந்தான் பொரியும் வெல்லமும் வச்சேன். இனிப்பு அதுகளுக்குப் பழகிப்போச்சு."

"யாரைக் கேட்டு வச்ச?"

"கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சீங்க, மைக்ராஸ்கோப்புக்கு மாலை போட்டீங்க. மூளையவே குடுக்குற சீவனுக்கு ஒரு கை பொரி வச்சா குத்தமா?"

"நாளையில இருந்து வராத!"

"வருவேன். அதுகளுக்குத் தெரியாத ருசியா வச்சுப் பாருங்க. எம்பேச்சு பொய்யின்னா நானே போறேன்."

மறுநாள் அவள் வந்தாள். எலுமிச்சைத் தண்ணீர் வைத்தோம். அறுவை செய்த எலிகள் குடித்தன. மற்றவை ஒரு நக்கோடு மூலைக்குப் போய் ஒதுங்கின. "பாத்தீங்களா சார்!" என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியே விட்டேன்.

பேராசிரியர் இறங்கி வந்தார், பாதிதான். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வேலை உண்டு என்றார். என் பேனாவை வாங்கி, நின்றபடியே தங்கப்பொண்ணு எழுதினாள்:

'ஆயுத பூஜைக்கு எலிகளுக்குப் பொரி வைத்தேன். அடுத்த வருடமும் வைப்பேன். சோதனை இருந்தால் எனக்கு முன்கூட்டியே சொல்லவும்.'

அதன் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்து முடிப்பதற்குள் அவள் தீனி வாளியைத் தூக்கிக்கொண்டு கூண்டுப் பக்கம் போய்விட்டாள்.