சட்டைப்பையில் இருந்த சீட்டு

அறுபதுகளின் கடைசியில் திருப்பூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். சோமனூரிலிருந்து ரயிலில் வந்து பி.யூ.சி. படித்த ஒருவன்மேல் எனக்கு முதல் வாரத்திலேயே சந்தேகம் விழுந்தது.

யார் முகத்தையும் பார்க்க மாட்டான். பெயரைக் கேட்டால் வரிசை எண்ணையும் சேர்த்துச் சொல்வான். மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். அவன் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது என்று தெரிந்தபோது சந்தேகம் வலுத்தது. அந்த இரைச்சலில் வளர்ந்தவனுக்கு இந்த மணியா தாங்காது? வகுப்புக்கு மட்டம் போட நடிக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

முதல் தேர்வில் அவன் விடைத்தாள் பாடப்புத்தகத்தை வரி பிசகாமல் ஒத்திருந்தது. ஒரு சமன்பாட்டில் இருந்த அச்சுப்பிழைகூட அப்படியே இருந்தது. அடுத்த தேர்வில் அவனுக்குப் பின்னாலேயே நின்றேன். இரண்டு முறை சட்டைப்பையைத் தொட்டான். "எடு" என்றேன். அசையவில்லை. நானே கைவிட்டு எடுத்தேன். அவன் போட்ட அலறலில் கூடமே திரும்பியது. தேர்வை விட்டு ஓடிப்போனான்.

பையில் இருந்தது பென்சிலில் எழுதிய சீட்டு. 'மணி அடித்தால் அஞ்சு வரை எண்ணு. யாராவது சிரித்தால் ஒன்றும் சொல்லாதே. மத்தியானம் வேப்பமரத்தடியில் சாப்பிடு. சாயங்கால ரயிலில் கடைசிப் பெட்டி.' இவ்வளவுதான். அப்போதும் நம்பாமல், வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்று ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

மறுநாள் அவனுடைய அக்கா வந்தார். சேலையில் பஞ்சுத்தூசி ஒட்டியிருந்தது. அவன் வராந்தாவில் நின்றுகொண்டான்.

"சீட்டு நான் எழுதிக் குடுத்ததுங்க சார். புது எடம், புது ஆளுக. அது பையில இருந்தாத்தான் தைரியமா இருப்பானுங்க."

"பாடத்தையும் அப்படித்தான் கொண்டுவருகிறானோ?"

"புஸ்தகம் உங்க கையிலயே இருக்குதுங்களே. எந்தப் பக்கம் வேணுமோ கேளுங்க."

கேட்டேன். வராந்தாவிலிருந்தே, சுவரைப் பார்த்தபடி, பக்கம் முழுவதும் சொன்னான். இன்னும் இரண்டு பக்கங்கள் கேட்டேன். சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருப்பாரோ என்று கடைசியாக, நடத்தாத பாடத்திலிருந்து கேட்டேன். அதையும் சொன்னான்.

"அப்ப இந்த மணி? வீட்டில் தறி ஓடவில்லையா?"

"தறி நாள் பூரா ஒரே மாதிரி ஓடுமுங்க. உங்க மணி திடீர்னு அடிக்குதுங்க. சொல்லிப்போட்டு அடிச்சா ஒண்ணும் ஆகாதுங்க."

சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை நீவி மடித்துத் தம்பியிடம் தந்தார்.

மணி அடிக்கும் பியூனிடம் சொல்லிவைத்தேன். அடிக்கும் முன் ஜன்னலருகே வந்து, "தம்பி, அடிக்கப் போறனுங்க" என்பார். அவன் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். விட்டுப்போன தேர்வை என் அறையில் தனியாக எழுத வைத்தேன். மனப்பாடத்தில் இல்லாத கணக்குகளில் திணறினான். அவற்றை அக்காவுக்கு எழுதி அனுப்பினேன்; வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பழகினான்.

பி.யூ.சி. தேறி அங்கேயே பி.எஸ்ஸி. சேர்ந்தான். முதல் வாரமே புதிதாக வந்த இயற்பியல் ஆசிரியர் என்னிடம் வந்து, "பையன் நடிக்கிறான் சார், எனக்கு நல்லாத் தெரியுது" என்றார். அவரை உட்காரவைத்து, நான் செய்ததை முதலிலிருந்து சொன்னேன். அவர் முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை. அவன் மூன்று வருடமும் படித்து முடித்தான். என்னோடு மட்டும் கடைசிவரை பேசவில்லை.